ஏரிக்கரை பெஞ்ச்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நான் நடப்பதைவிட உட்காருவதுதான் அதிகம். வெயில் இறங்கிய பின்னும் சிமெண்ட் பெஞ்சில் பகல் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். என்னைப் போன்ற இடுப்புவலிக்காரர்களுக்கு அது இலவச ஒத்தடம். விளிம்பைத் தடவிப் பாருங்கள், தொடையை உறுத்தாது. யாரோ ஒரு கொத்தனார், கலவை இறுகத் தொடங்கும் பதம் பார்த்து, கரணையால் நிதானமாக நீவி மழுக்கியிருக்கிறார். அவசரக் கையென்றால் இந்நேரம் பொரிந்து உதிர்ந்திருக்கும்.

முதுகுப்பக்கம் வீடுகள். மொட்டைமாடிக் கொடியில் வேட்டி படபடக்கிறது, எங்கோ குக்கர் விசில், கூடவே கடுகு தாளிக்கும் வாசனை. எதிரே தண்ணீர். சம்பங்கோரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி ஒன்று நீண்ட விரல்களை எடுத்தெடுத்து வைத்து வருகிறது. தண்டை ஒரு காலால் பிடித்து, நாம் முருங்கைக்காய் கடிக்கிற மாதிரியே கடிக்கிறது. ஏரி எப்போதும் மணக்கும் என்று சொல்லமாட்டேன். கோடையில் மூக்கைப் பொத்தும் நாட்களும் உண்டு. மழை ஓய்ந்த மார்கழியில் வாருங்கள். பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் இருப்பார். ஒன்றும் பேசாமல், துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, நகர்ந்து இடம் விடுவார்.