நூறு நாள் வேலையும் அளக்காத தண்ணீரும்

நூறு நாள் வேலை பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிதான். "மரத்தடியில உட்கார்ந்துட்டு சம்பளம் வாங்குறாங்க, நடவுக்கு ஆள் கிடைக்கல" என்பது ஒன்று. ஏழைக்குக் கூலியும் ஆச்சு, சுற்றுச்சூழலும் காப்பாத்தியாச்சு என்று அறிக்கை வாசிப்பது இன்னொன்று. முதல் கட்சியோடு எனக்குச் சண்டை உண்டு, அதை வேறொரு நாள் வச்சுக்கலாம். இந்தப் பதிவு இரண்டாவது கட்சிக்கு.

2005 சட்டத்தின் முதல் அட்டவணையைப் படிச்சுப் பாருங்க. நீர் சேமிப்பு, மரம் நடுதல், குளம் தூர்வாருதல் எல்லாம் இருக்கு. மாவட்டச் செலவில் 60 சதவீதமாவது நிலம், நீர், மரம் வழியாக விவசாயத்துக்கு உதவும் வேலைகளுக்குப் போகணும் என்றும் இருக்கு. நல்ல யோசனைதான். கோடையில் வெட்டிய குளத்தில் மழைக்குத் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும், இரண்டாம் போகம் வரும். நாற்று நட, களை எடுக்க அதே பெண்களுக்கு வயலிலேயே வேலை கிடைக்கும். (தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்.)

சரி, தண்ணீர் நின்றதா?

வேலை செய்தவரை எப்படி அளக்கிறோம் என்று பாருங்க. 2023 முதல் தினமும் இரண்டு முறை செயலியில் போட்டோ. சிக்னல் இல்லாமல் போட்டோ ஏறலைன்னா அன்றைய கூலிக்கே சிக்கல். வெட்டிய மண்ணைக் கன மீட்டரில் அளப்பாங்க, குறைந்தால் கூலியும் குறையும். குளத்துக்கும் வேலைக்கு முன், நடுவில், முடிந்த பிறகு என இடக்குறியோடு போட்டோ உண்டு. ஆனா அதில் தண்ணீர் எத்தனை மாசம் நின்றது என்று நான் பார்த்த எந்தப் பொது ரிப்போர்ட்டிலும் இல்லை. டேட்டாபேஸ் வேலையில் இருபது வருஷம் ஓட்டியவனுக்கு இது உறுத்துது.

விளைவு களத்தில் தெரியும். வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்க, குளத்துக்குள்ளே மட்டும் மண் வெட்டினால் என்ன பயன்? மதகு, கலிங்கு சரிசெய்ய சிமென்ட், கல் வேணும். பொருள் செலவுக்கோ 40 சதவீத உச்சவரம்பு. மண் வெட்டினால் நாள் கணக்கு ஏறும், அதனால மண்ணே வெட்டுறோம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நாலு முறை கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் பார்க்குது. ஆனா ஊருக்கு ஊர் அப்படிக் கிணறு கிடையாது. வேலை நடந்த குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் கயிறு விட்டு அளக்கச் சொல்லலாம். அதையும் ஒரு நாள் வேலையாகவே கொடுங்க, 2024-25 கணக்கில் 319 ரூபாய்.