பிணையாகும் குடும்பம்: பயங்கரவாத எதிர்ப்புப் படங்களின் தொண்ணூறு ஆண்டுப் பாதை

பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவில் பணிபுரியும் அதிகாரி. எதிரியின் பிடியில் சிக்கிய அவருடைய மனைவி அல்லது பிள்ளை. நாட்டைக் காப்பதா, வீட்டைக் காப்பதா என்று முடிவெடுக்க மிஞ்சியிருக்கும் சில மணி நேரம். இந்த மூன்றும் சேரும்போது சண்டைப் படங்களுக்குள் தனியான ஒரு கதைவகை உருவாகிறது. ஹாலிவுட்டில் 1980களில் இது முழு வடிவம் பெற்றது. தமிழிலும் இந்தியிலும் 1990களிலிருந்து தனக்கென்று கிளைகள் விட்டது. இன்று இணையத் தொடர்களிலும் தழைத்திருக்கிறது.

இந்த வகை இவ்வளவு காலம் நீடிப்பதற்குக் காரணம் உண்டு. உளவுத் தகவல், எல்லைப் பாதுகாப்பு, அணு ஆயுதம் போன்றவை பார்வையாளரின் அன்றாடத்துக்கு வெளியே நிற்பவை. பள்ளிக்குப் போன குழந்தை வீடு திரும்பாத மாலையின் பதற்றம் எவருக்கும் விளங்கும். அரசின் பணிக்குக் குடும்பம் ஒரு முகத்தைக் கொடுக்கிறது. கூடவே ஓர் உரிமத்தையும் கொடுக்கிறது: சட்டம் ஓர் அதிகாரிக்கு அனுமதிக்காத வன்முறையை, அவர் ஒரு தகப்பன் என்பதற்காகப் பார்வையாளர் அனுமதித்துவிடுகிறார். இவ்வகையின் வலிமையும் ஆபத்தும் இந்த ஒரே புள்ளியில் இருப்பதால், குடும்பத்தை ஒரு படம் எப்படி நடத்துகிறது என்பதே அதை மதிப்பிடுவதற்கான சிறந்த அளவுகோல்.

முன்னோடிகள்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1934இல் பிரிட்டனில் இயக்கிய 'தி மேன் ஹூ நியூ டூ மச்' இந்தக் கதையமைப்பின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. சுவிட்சர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன ஆங்கிலேயத் தம்பதிக்கு, வெளிநாட்டுத் தலைவர் ஒருவரைக் கொல்லும் சதி தற்செயலாகத் தெரியவருகிறது. அவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்காக மகள் கடத்தப்படுகிறாள். இங்கே பெற்றோர் எந்த உளவுத் துறையையும் சேர்ந்தவர்கள் அல்லர். அரசுக்கு உண்மையைச் சொன்னால் மகள் போவாள். சொல்லாவிட்டால் வேறோர் உயிர் போகும். பின்னால் வந்த அத்தனை படங்களின் அறச்சிக்கலும் இதில் அடங்கியிருக்கிறது. குறி தவறாமல் சுடுவதில் தேர்ந்தவளாகத் தொடக்கத்திலேயே காட்டப்படும் தாய், இறுதியில் போலீஸ்காரரின் துப்பாக்கியை வாங்கித் தானே சுட்டு மகளை மீட்கிறாள்.

1956இல் ஹிட்ச்காக்கே இதை அமெரிக்காவில் மறுபடி எடுத்தார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மருத்துவராகவும் டோரிஸ் டே முன்னாள் பாடகியாகவும் நடித்தனர். இம்முறை கடத்தப்படுவது மகன், இடம் மொராக்கோ. மகன் தூதரகத்துக்குள் அடைபட்டிருக்க, தாய் உரத்த குரலில் பாடுகிறாள். மாடியிலிருந்து மகன் சீழ்க்கையடித்துப் பதில் தருகிறான். அந்தப் பாட்டு ஆஸ்கர் விருது பெற்றது. இரண்டு படங்களிலும் மீட்பு குடும்பத்துக்குள்ளிருந்தே, அதிலும் தாயின் திறமையிலிருந்தே வருகிறது. அடுத்த தலைமுறைப் படங்கள் பெரும்பாலும் இழந்தது இதைத்தான்.

தகப்பன் தனிப்படையாகிறான்

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய அணியினர் 11 பேர் பிணைபிடிக்கப்பட்டு இறந்ததை அடுத்து, மேற்கு ஜெர்மனி ஜிஎஸ்ஜி 9 என்னும் சிறப்புப் படையை உருவாக்கியது. 1976 ஜூலையில் உகாண்டாவின் எண்டெபி விமான நிலையத்தில் இஸ்ரேலியப் படையின் பிணையாளர் மீட்பு நடந்தது. 1980 மே மாதம் லண்டனின் ஈரான் தூதரகத்துக்குள் பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படையினர் நுழைந்த காட்சியைத் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியது. கறுப்புடையும் முகமூடியும் அணிந்த கமாண்டோ, உலகம் அறிந்த உருவமானான். இந்தியாவில் தேசியப் பாதுகாப்புப் படை 1984இல் அமைக்கப்பட்டது.

திரைப்படம் இந்த உருவத்தை எடுத்துக்கொண்டு அதன் அடிப்படையை மாற்றியது. உண்மையான மீட்பு என்பது பேச்சுவார்த்தையாளர், குறிபார்த்துச் சுடுபவர், உள்ளே நுழையும் அணி என்று பலர் பிரித்துச் செய்யும் வேலை. உணர்ச்சிவயப்படக்கூடியவரை முடிவெடுக்கும் இடத்திலிருந்து விலக்கிவைப்பது அதன் இயல்பு. திரைப்படமோ யாருக்கு இழக்க அதிகம் இருக்கிறதோ அவரையே உள்ளே அனுப்புகிறது.

மார்க் எல். லெஸ்டர் இயக்கிய 'கமாண்டோ' (1985) இதன் எளிய வடிவம். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் மகளைக் கடத்திவைத்து, லத்தீன் அமெரிக்க நாடொன்றின் அதிபரைக் கொல்லுமாறு அவரை வற்புறுத்துகிறார்கள். அவருக்கு ஏறத்தாழ பதினொரு மணி நேர அவகாசம். அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் ஒற்றையாளாக ஒரு படையையே அழிக்கிறார். அரசு கடைசியில்தான் வந்துசேருகிறது. ஜான் மெக்டியர்னன் இயக்கிய 'டை ஹார்ட்' (1988) நாயகனை மனிதனாக்கியது. நியூயார்க் போலீஸ்காரர் ஒருவர், பிரிந்து வாழும் மனைவியைப் பார்க்க லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த இடத்தில் அவளது அலுவலகக் கட்டடம் முற்றுகையிடப்படுகிறது. மேசையில் கவிழ்த்து வைத்திருந்த குடும்பப் புகைப்படத்தை வில்லன் நிமிர்த்திப் பார்க்கும் கணத்தில், அவள் யாருடைய மனைவி என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. குடும்பம் எப்படிப் பிணையாகிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காட்சிகள் குறைவு.

டாம் க்ளான்சியின் நாவலை வைத்து பிலிப் நாய்ஸ் எடுத்த 'பேட்ரியாட் கேம்ஸ்' (1992) பழிவாங்கலை மையமாக்கியது. லண்டனில் ஒரு தாக்குதலைத் தடுக்கும் ஜாக் ரயன் தாக்கியவர்களில் ஒருவனைக் கொல்கிறார். இறந்தவனின் அண்ணன் ரயனின் மனைவியையும் மகளையும் தேடி வருகிறான். பாலைவனப் பயிற்சி முகாம் ஒன்று தாக்கப்படுவதை செயற்கைக்கோள் படத்தில் ரயன் பார்க்கும் காட்சியில், மனிதர்கள் சத்தமில்லாமல் மங்கலான புள்ளிகளாக விழுகிறார்கள். வெற்றிக்கு மகிழ முடியாத அவர் முகம் இந்தப் படத்தை மற்றவற்றிலிருந்து உயர்த்துகிறது.

ஜேம்ஸ் கேமரூனின் 'ட்ரூ லைஸ்' (1994) குடும்பத்தையே உளவுக்களமாக்கியது. 1991இன் பிரெஞ்சுப் படமான 'லா டோட்டல்' அதன் மூலம். மனைவிக்குத் தெரிந்தவரை ஹாரி டாஸ்கர் கணினி விற்பனையாளர். உண்மையில் ரகசிய அமைப்பொன்றின் முகவர். மனைவியின் சலிப்பு, கணவனின் சந்தேகம், அரசுக் கருவிகளைக் கொண்டு அவளை வேவு பார்ப்பது என்று நகரும் நடுப்பகுதி, திருமணத்துக்குள் நிலவும் அதிகாரச் சமமின்மையை வெளிக்காட்டுகிறது. படம் அதை வேடிக்கையாகவே கடந்துவிட்டது. அதன் அரபு வில்லன்கள் வெறும் கேலிச்சித்திரங்களாக இருந்ததால், அமெரிக்காவில் வாழும் அரபு வம்சாவளியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

2001க்குப் பிறகு

2001 செப்டம்பர் 11 தாக்குதலால் இவ்வகை அடியோடு மாறியது. தீயணைப்பு வீரர் ஒருவர் குண்டுவெடிப்பில் மனைவியையும் மகனையும் இழக்கும் 'கொலேட்டரல் டேமேஜ்' படத்தின் வெளியீடு 2002 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அதே 2001 நவம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் '24' தொடங்கியது. ஒரு நாளின் 24 மணி நேரம், 24 பகுதிகளாகத் திரையில் ஓடியது. பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவின் அதிகாரி ஜாக் பவரின் மனைவியும் மகளும் கடத்தப்படுகிறார்கள்; அதிபர் தேர்தல் வேட்பாளரைக் கொல்ல உதவினால்தான் அவர்கள் பிழைப்பார்கள். முதல் பருவத்தின் முடிவில் மனைவி இறந்துவிடுகிறாள். நாயகன் வென்றும் வீடு காக்கப்படவில்லை என்ற இந்த முடிவு, அன்றைய தொலைக்காட்சிக்குத் துணிச்சலானது.

அடுத்தடுத்த பருவங்களில் சித்திரவதை வழக்கமாயிற்று. நேரமில்லை என்ற ஒரே வாதம் எதையும் நியாயப்படுத்தப் போதுமானதானது. 2006இல் அமெரிக்க ராணுவத்தின் வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியைச் சேர்ந்த ஜெனரல் ஒருவர் தொடரின் தயாரிப்பாளர்களை நேரில் சந்தித்து, இக்காட்சிகள் இளம் வீரர்களைத் தவறாக வழிநடத்துவதாக எடுத்துரைத்தார். உண்மையான படையின் ஒழுங்கு கற்பனை அதிகாரியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வேண்டி வந்த தருணம் அது.

பியர் மொரெல் இயக்கிய 'டேக்கன்' (2008) பயங்கரவாதத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்டது. முன்னாள் சிஐஏ அதிகாரியின் மகள் பாரிஸில் பெண்களைக் கடத்தி விற்கும் கும்பலிடம் சிக்குகிறாள். தகப்பன் தான் கற்ற ராணுவ வித்தை முழுவதையும் அவர்கள்மேல் இறக்குகிறார். அரசு, நாடு, கொள்கை எல்லாம் உதிர்ந்து, உரிமம் மட்டும் எஞ்சிய படம் இது.

தமிழில் விரிந்த கிளைகள்

சுஜாதாவின் எழுத்தில் உருவான 'விக்ரம்' (1986) தமிழில் உளவு அதிகாரியின் வீட்டிழப்பை முன்வைத்த தொடக்க காலப் படம். விக்ரமின் கர்ப்பிணி மனைவி கொல்லப்படுவதில் கதை வேகமெடுக்கிறது. அந்த இழப்பு அதற்கு மேல் ஆராயப்படுவதில்லை.

மணிரத்னத்தின் 'ரோஜா' (1992) மீட்பின் திசையைத் திருப்பியது. உளவுத் துறைக்காகச் சங்கேத மொழி உடைக்கும் கணவன் காஷ்மீரில் கடத்தப்படுகிறான். இந்தி தெரியாத திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமப் பெண் ராணுவ அதிகாரியிடமும் அமைச்சரிடமும் போய் நின்று அவனை மீட்டுத் தரும்படி மன்றாடுகிறாள். துப்பாக்கி எடுக்காத இந்த மீட்பு முயற்சி, அரசின் கணக்குக்கும் ஒரு மனைவியின் கணக்குக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் காட்டியது. நாட்டுப்பற்றைப் படம் கையாண்ட முறையும் காஷ்மீர் முஸ்லிம்களை அது வரைந்த விதமும் ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதத்தைக் கிளப்பின.

இவ்வகையின் தமிழ் உச்சம் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்' (1995). கோவிந்த் நிஹலானியின் இந்திப் படமான 'துரோக்கால்' (1994) அதன் மூலம். பாடல்களே இல்லாத இப்படத்தில் கமல்ஹாசனும் அர்ஜுனும் பயங்கரவாத எதிர்ப்பில் ஈடுபடும் காவல்துறை அதிகாரிகள். தீவிரவாதக் குழுவின் தலைவன் பத்ரியாக வரும் நாசர், கமல்ஹாசன் ஏற்ற ஆதிநாராயணனை அவருடைய மகனைக் காட்டி மிரட்டுகிறார். அந்த மிரட்டலில் ஆதி உடைந்து தகவல் கொடுப்பவராகிறார். பிற படங்களில் குடும்பத்தின்மீதான அன்பு நாயகனை வெல்லமுடியாதவனாக்கும். இங்கே அதே அன்பு அவரைத் துரோகியாக்குகிறது, நண்பரின் உயிரையும் விலையாகக் கேட்கிறது. எதிரியை வீட்டுக்குள்ளேயே தங்கவைக்க நேரும்போது கௌதமி ஏற்ற மனைவி பாத்திரம் தானே செயலில் இறங்குகிறது. ஹிட்ச்காக்கின் 1934 படத்துத் தாய்க்குப் பிறகு, காப்பாற்றப்படக் காத்திருக்காத பெண்ணை இங்கே மறுபடி பார்க்க முடிகிறது. 1995இல் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுவே.

அடுத்த தலைமுறைப் படங்கள் வேகத்தை நாடின. ஏ.ஆர். முருகதாஸின் 'துப்பாக்கி' (2012) படத்தில் ராணுவ அதிகாரிகளின் குடும்பத்துப் பெண்கள் குறிவைக்கப்பட, நாயகன் தன் தங்கையையே தூண்டிலாக அனுப்பிப் பகைவரின் இடத்தைக் கண்டுபிடிக்கிறான். இக்கதைவகையில் எழக்கூடிய மிகக் கடுமையான கேள்வி இதில் இருக்கிறது. தங்கையின் சம்மதத்தைப் பற்றிப் படம் பேசுவதே இல்லை. சிவா இயக்கிய 'விவேகம்' (2017) படத்தில் அஜித்குமார் சர்வதேசப் பயங்கரவாத எதிர்ப்புப் படையின் அதிகாரி. நண்பர்களின் துரோகத்துக்கு ஆளாகி, கடைசியில் கர்ப்பிணி மனைவியை மீட்கப் போராடுகிறார். செர்பியா, பல்கேரியா நாடுகளின் பனிவெளிகளில் எடுத்த சண்டைகள் பிரமாண்டமானவை; மனைவிக்கோ கணவனைப் போற்றுவதைத் தவிர வேறு வேலையில்லை.

கமல்ஹாசன் இயக்கிய 'விஸ்வரூபம்' (2013) படத்தில் நியூயார்க்கில் கதக் கற்றுத்தரும் விஸ்வநாதன் உண்மையில் இந்திய உளவு அதிகாரி விஸாம் அகமது. கணவனைச் சந்தேகித்துத் துப்பறிபவரை அமர்த்துபவள் மனைவி. 'ட்ரூ லைஸ்' படத்தில் கணவனிடம் இருந்த வேவுக் கண் இங்கே மனைவியிடம் வந்திருக்கிறது. லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' (2022) பழைய முகவரைத் தாத்தாவாக்கியது. மகனை இழந்தவர், பெருஞ்சத்தத்தைத் தாங்காத உடல்நிலை கொண்ட பேரனைக் காக்கிறார். சத்தமே மூலதனமான ஒரு கதைவகையில், சத்தமே குழந்தைக்கு ஆபத்து என்று வைத்தது நல்ல கண்டுபிடிப்பு.

ராஜ், டிகே இருவரும் உருவாக்கிய இந்தித் தொடர் 'தி ஃபேமிலி மேன்' (2019) வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிப் பிரச்சினை, தமிழ் மனைவி சுசித்ராவின் தனிமை ஆகியவற்றோடு அதிகாரியின் வாழ்வைக் காட்டியது. பெரிதும் சென்னையில் நடக்கும் இரண்டாம் பருவத்தில் (2021) மகள் கடத்தப்படுகிறாள். தகப்பன் வீட்டில் இல்லாத வெற்றிடத்தில்தான் கடத்தல்காரன் நுழைகிறான் என்பதால், பணியின் விலையைக் குடும்பம் எப்படிக் கட்டுகிறது என்பது தெளிவாகிறது.

எதிரிக்கும் வீடு உண்டா

ஒரு படம் யாருக்கெல்லாம் குடும்பம் கொடுக்கிறது என்பது அதன் அரசியலைச் சொல்லிவிடும். நாயகனுக்கு மகள், மனைவி, பிறந்தநாள் விழா, பழைய புகைப்படம் எல்லாம் உண்டு. எதிரிக்குப் பெரும்பாலும் துப்பாக்கியும் கோஷமும் மட்டுமே. வீடில்லாதவன் இறந்தால் அழ ஆளில்லை. அதனால் அவனைக் கொல்வது எளிது. அந்த எதிரி திரும்பத் திரும்ப ஒரே மதத்தினனாக வரும்போது, பார்வையாளர் மனத்தில் அந்தச் சமூகம் முழுவதுமே வீடற்றதாகிவிடுகிறது. 'துப்பாக்கி'க்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதையடுத்து படக்குழு வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கியது. 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டில் தடைக்குள்ளாகி, மாற்றங்களுடன் 2013 பிப்ரவரியில் வெளியானது. ஈழத் தமிழ்ப் போராளிகளைச் சித்தரித்த விதத்துக்காக 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவத்தைத் தடைசெய்யுமாறு தமிழ்நாட்டு அரசு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது. தடை சரியான விடையாகாது. ஆனால் இந்த மூன்று எதிர்ப்புகளுக்கும் பின்னால் இருந்த மனக்குறை உண்மையானது.

மாற்றுவழிகளும் இந்தப் படங்களுக்குள்ளேயே இருக்கின்றன. 'குருதிப்புனல்' தன் தீவிரவாதிகளை மதத்தால் அடையாளப்படுத்தவில்லை. சித்திரவதையைத் தாங்கி நிற்கும், அர்ஜுன் ஏற்ற அதிகாரி அப்பாஸ் ஒரு முஸ்லிம். 'விஸ்வரூபம்' ஆப்கானிஸ்தானில் பயங்கரவாதத் தலைவன் ஒமருக்கு மனைவியையும் பிள்ளைகளையும் கொடுத்து, மருத்துவராக விரும்பும் மகனையும் காட்டியது. 'தி ஃபேமிலி மேன்' தொடரின் ஈழப் போராளி ராஜிக்கும் போரில் சிதைந்த குடும்பமும் அதன் வலியும் உண்டு. எதிரிக்கு வீடு கொடுத்த இடங்களில் கதையின் பதற்றம் குறையவில்லை. இருபுறமும் இழப்பு உண்டு என்று தெரிவதால் கூடியிருக்கிறது.

இத்தனை படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது இவ்வகையின் தரம் மூன்று கேள்விகளில் அடங்குகிறது. பிணையாகும் மனைவியும் பிள்ளையும் தமக்கென்று அறிவும் விருப்பமும் உள்ளவர்களா? மீட்புக்காக நாயகன் செய்யும் குற்றங்களுக்கு அவர் விலை கொடுக்கிறாரா? எதிர்ப்பக்கத்தில் விழும் உடலுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறதா? பெரும்பாலான வெற்றிப் படங்கள் மூன்றுக்கும் விடை சொல்லாமல் நழுவியவை. 1934இன் ஹிட்ச்காக் முதல் கேள்விக்கும், '24' தொடரின் முதல் பருவம் இரண்டாவதற்கும், 'விஸ்வரூபம்' மூன்றாவதற்கும் நேர்மையாக முகம் கொடுத்தன. முதலிரண்டையும் ஒருசேர எதிர்கொண்டு, எதிரியை ஒரு சமூகத்தின் முகமாக்காமலும் நின்றது 'குருதிப்புனல்'. இன்னும் பெரிய செலவில், இன்னும் வேகமான சண்டைகளோடு இந்தக் கதை திரும்பத் திரும்ப எடுக்கப்படும். அதை எடுப்பவர்களுக்கான பாடம் தமிழிலேயே 1995 முதல் இருக்கிறது.