மூளைப்படம் என்னும் பிரதி: அசைவு, சிந்தனை, மௌனம்

சாம்பல் நிற மூளைக்குள் ஒளிரும் அந்த ஆரஞ்சுத் திட்டை எல்லோரும் பார்த்திருப்போம். 'காதல் இங்கே', 'பயம் இங்கே' என்று பத்திரிகைகள் அம்புக்குறி போட்டுக் காட்டுகின்றன. அறிவியல் என்றாலே அதிகாரம்தான் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிற நம் பின்நவீனத்துவ நண்பர்களும், விஞ்ஞானம் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்கிற பழைய தோழர்களும் இந்தத் திட்டின் முன்னால் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இரண்டு தரப்புமே அதைப் புகைப்படம் என்று நம்புகிறது.

அது புகைப்படம் கிடையாது. பிராணவாயு ஏற்றிய இரத்தமும் அதை இழந்த இரத்தமும் காந்தப்புலத்தில் வேறுவேறு விதமாக நடந்துகொள்கின்றன. செய்ஜி ஒகாவா 1990இல் எலியின் மூளையில் இதைக் காட்டினார். நரம்பணுக்கள் மும்முரமாக வேலை செய்யும் இடத்துக்கு இரத்தம் சற்றுத் தாமதமாகத்தான் கூடி வருகிறது. உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடியாகும். படத்தின் ஒரு புள்ளிக்குள் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கிவிடும். 'விரலை அசை' என்று கொஞ்ச நேரம், 'சும்மா இரு' என்று கொஞ்ச நேரம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் புள்ளியியல் அடிப்படையில் என்ன மிஞ்சுகிறதோ அதற்கு நிறம் பூசுகிறார்கள். ஆக, வேறுபாட்டிலிருந்துதான் பொருள் பிறக்கிறது. சசூர் பற்றி இந்தப் பக்கங்களில் சலிக்கச் சலிக்க எழுதியாயிற்று, மறுபடி வேண்டாம். ஒன்று மட்டும்: கழிக்கப்படுகிற அந்தச் 'சும்மா' சும்மா இல்லை. வேலை கொடுக்காதபோதும் மூளை ஓயாமல் இயங்குவதை இதே ஆய்வாளர்கள்தான் பிறகு கண்டுகொண்டார்கள். சும்மா இருப்பது எவ்வளவு அரிது என்று தாயுமானவருக்குத் தெரிந்திருந்தது.

கழித்தலில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மீன் கதை உண்டு. 2009இல் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீன் ஒன்றை இயந்திரத்துக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், செத்த மீனும் சிந்திக்கிறது! சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவர்கள் காட்ட நினைத்தது மோசடியை அல்ல, வாசிப்பின் விதிகளை. விதி மாறினால் பிரதியும் மாறும்.

விஷயம் தீவிரமாவது வேறோரிடத்தில். ஒருவருக்குச் சிந்தனை இருக்கிறதா என்று மருத்துவம் எப்படித் தீர்மானிக்கிறது? கையைத் தூக்கச் சொல்கிறது, கண்ணால் பின்தொடரச் சொல்கிறது. அசைந்தால் மனிதர். அசையாவிட்டால்? 1972இல் ஜென்னட்டும் பிளமும் சூட்டிய பெயர் தாவர நிலை. விழித்திருப்பார்கள், ஆனால் உணர்வில்லை என்று பொருள். சிந்தனையையும் உடலையும் டெக்கார்த் பிரித்து வைத்தார் என்று குறைபட்டுக்கொள்கிறோம். நடைமுறையிலோ உடல் சாட்சி சொல்லாத சிந்தனையை நோயாளியின் கட்டிலருகே யாரும் நம்பியதேயில்லை.

2006இல் கேம்பிரிட்ஜில் ஆட்ரியன் ஓவன் குழுவினர் இந்தச் சாட்சியத்தை வேறு வழியில் கேட்டார்கள். சாலை விபத்துக்குப் பின் ஐந்து மாதங்களாகத் தாவர நிலையில் இருந்த 23 வயதுப் பெண். இயந்திரத்துக்குள் படுத்திருந்தவரிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள்; பிறகு சொந்த வீட்டின் அறைகளுக்குள் நடப்பதாக. முதலாவதற்கு, அசைவைத் திட்டமிடும் துணை இயக்கப் பகுதி எழுந்தது. இரண்டாவதற்கு, இடங்களை அடையாளம் காணும் பகுதிகள். ஆரோக்கியமானவர்களின் மூளையில் எப்படியோ அப்படியே. அசையாத உடலுக்குள் அசைவு நடந்துகொண்டிருந்தது.

இந்த டென்னிஸ் மீது எனக்கொரு கண். மட்டையே பிடிக்காதவரிடம் என்ன கேட்பது? ஒற்றை அறையில் ஆறு பேராகப் படுத்து வளர்ந்தவரை எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு நடக்கச் சொல்வது? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதை வைத்து ஆய்வையே தூக்கிப்போடுவது அற்பத்தனம். களையெடுப்பதையோ துணி துவைப்பதையோ வைத்து அதே சோதனையை வடிவமைத்துப் பார்க்கலாம்.

2010இல் கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லியேஜிலுமாக 54 நோயாளிகளைச் சோதித்தபோது ஐந்து பேர் இப்படித் தம் மூளையை இயக்கிக் காட்டினார்கள். அவர்களில் ஓர் இளைஞனிடம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: ஆம் என்றால் டென்னிஸ் ஆடு, இல்லை என்றால் வீட்டுக்குள் நட. உன் தந்தையின் பெயர் இதுவா என்பது போன்ற ஆறு கேள்விகள். ஐந்துக்குச் சரியான பதில். கவனியுங்கள், இயந்திரம் இங்கே சிந்தனையைப் படிக்கவில்லை. அசைவை நினைப்பது என்ற ஒன்றைக் குறிப்பானாக்கி, அதற்கும் 'ஆம்' என்பதற்கும் எந்த இயற்கை உறவும் இல்லாதபோதும், இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்டு ஒரு மொழியை உண்டாக்கினார்கள். படுத்துக் கிடந்தவன் பேசினான், அவ்வளவுதான். 2012இல் கனடாவில் பத்தாண்டுகளுக்கு மேல் இப்படிக் கிடந்த ஒருவரிடம் ஓவன் கேட்டது 'வலிக்கிறதா' என்று. இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பத்தாண்டுகளில் அவரிடமே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை.

ஆறாவது கேள்வி என்ன ஆனது? தவறான பதில் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. தூங்கிப்போயிருக்கலாம், காதில் விழாமலிருக்கலாம், பதில் சொல்லப் பிடிக்காமலும் இருந்திருக்கலாம். எனக்கு அந்த ஐந்து பதில்களைவிட இந்த மௌனம்தான் பெரிதாகப் படுகிறது. திட்டு இல்லாத இடத்தில் சிந்தனை இல்லை என்று சொல்ல முடியாது. 2024இல் வெளியான ஆய்வொன்றில், கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேர் மூளைக்குள் கட்டளையை நிறைவேற்றினார்கள். அதே ஆய்வில், கட்டளைக்குக் கண்ணெதிரே உடல் அசைத்துக் காட்டிய 112 பேரில் 43 பேரைத்தான் கருவிகள் கண்டுபிடித்தன. மீதி 69 பேர் கண்முன்னால் பதில் சொல்லிக்கொண்டிருக்க, கருவிக்கு அவர்கள் இல்லை.

இதே மௌனத்தைப் போலீஸ் வேறு மாதிரி பார்க்கிறது. இந்தியாவில் குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் மின்முனைகளை மாட்டி, குற்றத்தை விவரிக்கும் வாக்கியங்களை அவர் காதில் ஓதுகிறார்கள். அவர் வாயைத் திறக்க வேண்டாம். மின்னலைகளைப் பார்த்து 'அனுபவம் இருக்கிறது' என்று நிபுணர் எழுதிக் கொடுப்பார். எம்.ஆர்.ஐ. அல்லதான், ஆசை அதேதான். 2008 ஜூனில் புனேயில் கொலை வழக்கொன்றில் ஒரு மாணவிக்கு ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சான்றுகளில் இப்படிப்பட்ட சோதனையும் ஒன்று. பிறகு அவர் பிணையில் வெளிவந்தார். இங்கே ஒப்பந்தம் எதுவுமில்லை, பேசி வைத்துக்கொண்ட குறியும் இல்லை. ஒரு தரப்பு படிக்கிறது, மறுதரப்பு வெறும் பிரதி. கிளினிக்கின் பார்வையைப் பற்றி ஃபூக்கோ எழுதியதைப் படித்தவர்கள், கேம்பிரிட்ஜையும் புனேயையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாமல் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும்.

2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையறியும் ஊசி, பொய்யறியும் கருவி, மூளை மின்னலைச் சோதனை எதையும் ஒருவர் மீது கட்டாயமாக நடத்தக்கூடாது என்றது. தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை, அரசியல் சட்டத்தின் 20(3), வாயோடு முடிந்துவிடவில்லை என்பது இதன் பொருள். நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது: ஆள் சம்மதித்தால் செய்யலாம். முடிவு நேரடிச் சான்றாகாது. அதைக் கொண்டு பிறகு ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அது செல்லும். சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிய வேண்டும், வக்கீல் கூட இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. காவலில் இருக்கிற ஓர் ஏழை எந்த நிலைமையில் 'சரி' என்கிறான் என்பதை அளக்க இன்னும் கருவி வரவில்லை. லாக்கப் வாசலில் நின்றிருக்கிற நம்மில் பலருக்கு அதற்குக் கருவி தேவையுமில்லை.