6 பிபிசி: வெற்றிப் பட்டியலும் விதிப் புத்தகமும்

துப்பாக்கியை மேசைமேல் மணல்பைகளில் கிடத்தி, 100, 200 கெஜ தூரத்தில் ஐந்து குண்டுகளையும் ஒரே துளைக்குள் செலுத்தப் பார்ப்பது பெஞ்ச்ரெஸ்ட் போட்டி. அமெரிக்காவில் வளர்ந்த இந்த விளையாட்டில் எந்தத் தோட்டா சிறந்தது என்று கேட்டால், பல பத்தாண்டுகளாக ஒரே பதில்தான்: 6 பிபிசி (6 PPC). பதில் சரி. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்தான் முழுதாகத் தேறவில்லை.

1950இல் வந்த .222 ரெமிங்டன்தான் முன்பு கோலோச்சியது. 1970களில் லூயி பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெர்ரிஸ் பிண்டெல் என்ற கருவி வினைஞரும் .220 ரஷ்யன் உறையை அகட்டி, தோளை 30 பாகைக்குத் திருத்தி, 6 பிபிசியை உருவாக்கி, .222ஐ வீழ்த்தினார்கள். குட்டையாகப் பருத்த உறையில் வெடிமருந்து சீராக எரிவதே வெற்றியின் ரகசியம் என்பார்கள். அப்படியானால் அதே வடிவுள்ள 6 பிஆர் (6 BR) தோட்டா ஏன் பின்தங்கியது? என் கணிப்பில், கொள்ளளவின் பொருத்தமும் உறையின் வலுவுமே முக்கியம். 68 கிரெயின் குண்டுக்கு வேண்டிய மருந்து பிபிசியை ஏறக்குறைய நிரப்பிவிடுகிறது. உயர் அழுத்தத்தையும் அது தாங்குகிறது.

வெற்றிப் பட்டியலையே சான்றாக நீட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. தேர்ந்த கைகளும் நல்ல பேரல்களும் பிபிசியிடமே குவிந்தபின், வேறெது வெல்லும்?

குறைகளும் சிறியவை அல்ல. பலரும் நம்பும் என்133 (N133) மருந்து வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் உடனே மனம் மாறும். காலையில் ஒரே துளையாய் விழுந்தவை நண்பகலில் மேலும் கீழுமாகப் பிரியும். அதனால் சுற்றுக்குச் சுற்று களத்திலேயே அமர்ந்து, மருந்தளவையை ஓரிரு சொடுக்கு கூட்டிக் குறைத்துத் தோட்டா நிரப்புகிறார்கள். .262 அங்குலக் கழுத்துள்ள அறையில் பொருந்த, ஒவ்வொரு பித்தளை உறையின் கழுத்தையும் சீவி மெலிதாக்க வேண்டும். புதிதாக வருபவரை மலைக்க வைக்கும் வேலை இது.

புள்ளிப் போட்டியில் கதையே வேறு. துளைகளின் நெருக்கத்தைப் பார்க்கும் குழுப் போட்டியில் மையத்துக்கு மையம் அளப்பதால் குண்டின் பருமன் பொருட்டல்ல. புள்ளிப் போட்டியிலோ துளையின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண். .308 அங்குலக் குண்டு, .243 குண்டைவிட ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.8 மில்லிமீட்டர் கூடுதலாக எட்டும். நூலிழையில் முடிவாகும் ஆட்டத்தில் அது பெரிய சலுகை. அந்தப் பெரிய குண்டைச் செலுத்தும் 30 பிஆர் அங்கே தலைமை பிடித்தது இதனால்தான். உதைப்பு அதில் அதிகம், 10.5 பவுண்டு துப்பாக்கியில் கை சற்றுத் தவறினாலும் இலக்கில் தெரிந்துவிடும். மருந்தளவில் மட்டும் பிபிசியைப் போல அடம்பிடிப்பதில்லை. புள்ளிப் போட்டிக்கு மட்டும் போகிறவரிடம் பிபிசியை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.