திரையை யார் பார்த்தார்கள்?

முதலிலேயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. கோடு எழுதிப் பிழைப்பவன். புதியவர்கள் ஒரு வேலையை எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். இந்த வாரம் கிடைத்தது, பச்சிளம் குழந்தைக்கு இன்டியூபேஷன் செய்வது, அதாவது மூச்சுக்குழாய்க்குள் டியூப் செலுத்துவது.

மெல்போர்னில் பிரசவ அறை வீடியோக்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. பயிற்சி டாக்டர்களின் முயற்சிகளில் 24% தான் வெற்றி. மூத்த நிபுணர்களுக்கு 86%. ‘அனுபவம் பத்தலை, நிறையச் செய்யட்டும்’ என்று சொல்லலாம். ஆனால் வாய்ப்பு எங்கே? இப்போது பல குறைமாதக் குழந்தைகளை மூக்கு வழியாகக் காற்று கொடுத்தே சமாளிக்கிறார்கள். மலம் கலந்த பனிக்குட நீரோடு துவண்டு பிறந்தாலும் வழக்கமாக டியூப் போட வேண்டாம் என்று 2015-ல் வழிகாட்டுதலே மாறிவிட்டது. குழந்தைகளுக்கு நல்லதுதான். கற்பவருக்குத்தான் கை பழக வழியில்லை.

இந்த இடத்தில்தான் ஜாய்ஸ் ஓஷே குழுவின் 2015 ஆய்வு எனக்குப் பிடித்தது. அதுவும் மெல்போர்ன்தான். இரண்டு பிரிவிலும் பயிற்சி டாக்டர் நேராகக் குழந்தையின் வாய்க்குள் பார்த்தே டியூப் போடுகிறார். கருவியும் ஒன்றே, நுனியில் கேமரா வைத்த லாரிங்கோஸ்கோப். வித்தியாசம், ஒரு பிரிவில் பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்குத் திரை தெரியும். மற்றதில் திரையை மூடிவிட்டார்கள். முதல் முயற்சியில் வெற்றி 66%, மூடியபோது 41%. மயக்க மருந்து முன்கூட்டியே கொடுத்த குழந்தைகளில் 72%, 44%. அதே கை, அதே பிளேடு! ஆசிரியருக்கும் தெரிந்தால்தானே ‘கொஞ்சம் பின்னால இழு, நீ ரொம்ப உள்ள போயிட்ட’ என்று சொல்ல முடியும்?

ஆனால் குறைகளும் உண்டு. ஒரே மருத்துவமனை. திரை தெரிகிறதா என்பதை ஆசிரியரிடம் மறைக்க வழியில்லை. தெரியும்போது அவர் கூடுதல் அக்கறையோடு பேசியிருக்கலாம். என்னை உறுத்துவது வேறு கேள்வி: நாளைக்கு நடுராத்திரி, திரையும் இல்லை, ஆசிரியரும் இல்லை என்றால் அதே டாக்டர் எப்படிச் செய்வார்? 66% என்பது இருவர் சேர்ந்து எடுத்த மார்க். அதைத் தனி ஆளின் திறமையாகப் படிக்கக் கூடாது.

2024-ல் டப்ளினில் இருந்து வந்த ஆய்வில், டியூப் போடுபவரே திரையைப் பார்க்கிறார்: 74%, வழக்கமான முறையில் 45%. இதைப் படித்துவிட்டு ‘கருவி வாங்கினால் போதும்’ என்று முடிவுகட்டுபவர்கள் ஓஷேயின் ஆய்வையும் ஒருமுறை படிக்க வேண்டும். அங்கே டியூப் போட்டவர் திரையைப் பார்க்கவே இல்லை. கருவி வாங்கும் மருத்துவமனை, அதன் பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளையும் நிறுத்துமா?