கட்டி முடித்த வீட்டை யார் பார்ப்பது?

சென்னைக்கு அருகே ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் பக்கமோ சுங்குவார்சத்திரம் பக்கமோ, தொழிற்சாலை மதில்களைத் தாண்டி ஊருக்குள் நடந்தால் ஒரே சாயலில் கட்டடங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கீழே நாலு கதவு, மேலே நாலு கதவு, பக்கவாட்டில் ஓர் இரும்புப் படி, கொடியில் கம்பெனிச் சீருடைகள், சுவரில் ‘டூ லெட்’. லைன் வீடு என்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது, பின்னாலேயே டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் வந்தன. வேலை தேடி வந்தவர்களுக்குப் படுக்க இடம் கொடுத்தது பெரும்பாலும் இந்த ஊர்க் குடும்பங்கள்தான். நிலம் போக மிஞ்சிய மனையில் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

இதே காட்சி கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்கவிலும் உண்டு. 1978-இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. வலயத்தைச் சுற்றிலும் ‘போடிங்’ அறைகள் முளைத்தன. தையல் ஆலை வேலைக்கு வந்த சிங்களக் கிராமத்துப் பெண்கள் அவற்றில் தங்கினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் தங்கினார்கள். இரண்டு இடத்திலும் வேலிக்கு உள்ளே ஒரு முறை, வெளியே வேறு முறை. இங்கே தொழிற்சாலையின் வரைபடத்தைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சரிபார்க்கிறது. அங்கே வலயத்துக்குள் எழும் கட்டடத்துக்கு முதலீட்டுச் சபை அனுமதி தருகிறது. வேலிக்கு வெளியே அறை கட்டுகிறவர் இங்கே பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ போக வேண்டும், அங்கே நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ போக வேண்டும். நான் எழுத வந்தது வேலிக்கு வெளியே நடப்பதைப் பற்றி.

இரண்டு நாட்டு முறைகளும் அடுத்தடுத்துப் பிறந்தவை. இலங்கையின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915-இல் வந்தது. சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் 1920-இல். நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1914–15-இல் காஞ்சிபுரம் உள்ளிட்ட மாகாண ஊர்களைப் பார்த்து அறிக்கை எழுதினார், 1921-இல் கொழும்புக்கும் ஒரு திட்டம் வரைந்து கொடுத்தார். ஆனால் இலங்கைச் சட்டம் வந்தது கொழும்பில் பிளேக் நோய் புகுந்த மறு ஆண்டு. அறையின் அளவு, சன்னல், வெளிச்சம், கழிப்பிடம் என்று மனிதர் வாழும் இடத்தைப் பற்றி அது நிறையப் பேசியது. அந்தக் குணம் இன்றுவரை அங்கே மிஞ்சியிருக்கிறது.

நம் பக்கம் மனைதான் முதல் தலைவலி. தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதும் வயலெல்லாம் கல் நட்டுப் பிளாட் ஆனது. ஊராட்சித் தலைவரின் முத்திரை இருந்ததால் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டும் என்பது பலருக்கு 2016 செப்டம்பரில்தான் உறைத்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அப்போது தடை விதித்தது. அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு அவை வழி திறந்தன. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்து, இந்தப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரும் அதற்குள் வந்தது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம், மனை அங்கீகாரம் என்று கோப்பு தடித்துக்கொண்டே போனது. வீடு கட்டுகிறவர் பாதி நாளைத் தாலுகா ஆபீசிலும் சர்வேயர் வீட்டு வாசலிலும் கழித்தார்.

அதனால் 2024 ஜூலை 22-இல் தொடங்கிய சுயசான்றிதழ் முறையை நான் மனதார வரவேற்கிறேன். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர் இணையத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி கிடைக்கிறது. யாரும் மனையைப் பார்க்க வரும்வரை காத்திருக்க வேண்டாம். எத்தனையோ குடும்பங்களின் அலைச்சலும், மேசைக்கு அடியில் கைமாறிய பணமும் இதனால் குறையும்.

ஆனால் முன்பார்வை போனதோடு பின்பார்வையும் போய்விட்டது. இந்த முறையில் கட்டிய வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்று தேவையில்லை. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பெரிய கட்டடங்களுக்கு அந்தச் சான்று இல்லாமல் மின் இணைப்பு கிடையாது என்று இறுக்கின. சிறிய குடியிருப்புகளுக்கு விலக்குக் கொடுத்தன. முதலில் 3 வீடுகள் வரை இருந்த விலக்கு 2024-இல் 8 வீடுகள் வரை நீண்டது. லைன் வீடு அந்த அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். வரைபடத்தில் ஹாலும் படுக்கையறையும் இருக்கும். கட்டி முடித்தபின் நடுவில் பலகைத் தடுப்பு வந்து அதுவே நாலு அறையாகும். வரைந்தபடி கட்டினாரா என்று பார்க்கச் சட்டம் யாரையும் அனுப்புவதில்லை.

இலங்கையில் இதற்கு நேர்மாறு. அங்கே தொடக்கம் மெதுவாக நகரும். உறுதி, நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாம் சேர்த்துப் படவரைஞரின் வரைபடத்தோடு சபையில் கொடுக்க வேண்டும். வயல் நிலமென்றால் 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதியென்றால் திட்டமிடல் குழு கூடும் நாள்வரை பொறுத்திருக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து எல்லையையும் வீதிக்கோட்டையும் பார்ப்பார். பி.எச்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். சுண்ணாம்புக் கல்லின்மேல் கிணற்று நீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தில் அந்த அளவு மிக முக்கியம். பாறை இடுக்கு வழியே குழியின் கழிவு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

கட்டி முடித்ததும் சி.ஓ.சி. எனப்படும் இணக்கச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் கட்டடத்தில் குடியேறக் கூடாது என்பது அந்த 1915 சட்டத்திலிருந்தே வரும் விதி. நம் சிறிய வீடுகளுக்கு இந்த விதி இல்லையே என்று எனக்கு ஏக்கம் உண்டு. அங்கேயும் எல்லோரும் அதை வாங்கிவிடுவதில்லை. வங்கிக் கடனோ விற்பனையோ குறுக்கிடும்போதுதான் பலருக்கு அதன் நினைவு வரும். கட்டுநாயக்கப் போடிங் அறைகள் அத்தனையும் சான்றிதழோடு நிற்கின்றன என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். 2020 அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலிருந்து கொரோனா பரவியபோது, ஒரே குளியலறையையும் ஒரே சமையலறையையும் பகிர்ந்துகொண்டு பெண்கள் எப்படி நெருக்கியடித்து இருந்தார்கள் என்பது நாடு முழுக்கப் பேச்சானது.

நமக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் நஞ்சேறி, பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத பயத்தில் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் விடுதிகளை நெறிப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 2014-லிருந்தே இருக்கிறது. ஆனாலும் தொழிலாளர்கள் எப்படிப்பட்ட இடத்தில் தூங்குகிறார்கள் என்று நாம் திரும்பிப் பார்க்க அந்த மறியல் வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைத் திறந்தது. பெரிய காரியம், நல்ல காரியம். அதற்குள் இடம் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளரும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞரும் இன்னும் லைன் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

காகிதத்தில் அனுமதி இருந்தால் மட்டும் உயிருக்குக் காவல் ஆகிவிடாது. போரூர் அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-இல் சரிந்து 61 பேரைக் கொன்ற பதினோரு மாடிக் கட்டடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது.

சுயசான்றிதழைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொந்தக் குடித்தனத்துக்குக் கட்டுகிறவரை விட்டுவிடலாம். வாடகைக்கு அறை விடுகிறவரிடம் மட்டும், இலங்கையின் பி.எச்.ஐ. மாதிரி ஒருவர் ஆள் குடிவரும் முன் ஒருமுறை வந்து பார்க்கட்டும். நம் விதிகள் குடியிருப்புகளை எண்ணுகின்றன. ஒரு கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் படுப்பார்கள் என்பதை எண்ணுவதில்லை. பார்க்க வருகிறவர் அதை எண்ணட்டும். எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, கழிவுநீர் எங்கே போகிறது, தீப்பிடித்தால் அந்த ஒற்றை இரும்புப் படியைத் தவிர இறங்க வேறு வழி உண்டா என்று பார்க்கட்டும். புதிதாக ஓர் அலுவலகமே திறக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் டெங்கு கொசுப்புழு தேடி, தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்க இந்த ஊர்களில் ஆட்கள் வீடு வீடாக ஏற்கெனவே வருகிறார்கள். தொட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே அந்தப் படியேறி மேலே உள்ள நாலு அறையையும் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.