நந்தனுக்கு நிலம் இருந்தது

பழைய இலக்கியம் நம்ம நாட்டில் கூட்டமாகத்தான் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. மூலையில் உட்கார்ந்து மனசுக்குள் படிக்கிற பழக்கம் அச்சுப் புத்தகம் பரவின பிறகு பெருகினது. அதற்கு முந்தி ஒருவர் பாட, ஒருவர் பொருள் சொல்ல, சுற்றி நாலு பேர் கேட்க என்று திண்ணையிலும் மடத்திலும் கோயில் மண்டபத்திலும்தான் பாட்டு நடந்தது. ஆகவே இன்றைக்கு யாராவது 'எல்லாரும் சேர்ந்து செவ்விலக்கியம் வாசிப்போம், போனிலேயே கூடுவோம்' என்று கூப்பிட்டால், சேர்ந்து வாசிப்பதில் புதுசு ஒண்ணும் இல்லை. அந்த 'எல்லாரும்' யாரு என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு பிரதியை வைத்தே இதைப் பார்ப்போம். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று இன்றைக்குக் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கிற வட்டாரத்துக்குப் பக்கத்து ஊர். 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய அந்த நூல் தில்லைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில், சோழ ராஜா உட்கார்ந்து கேட்க, ஒரு வருஷம் அரங்கேறினது என்பது மரபு. அந்த நூலுக்குள்ளே திருநாளைப்போவார் புராணம் இருக்கிறது. தில்லைக்குள் நுழைய முடியாமல் 'நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்' என்று சொல்லியே பேர் வாங்கின நந்தனின் கதை. உள்ளே போக முடியாதவனின் கதையை, அவன் ஜனங்களை உள்ளே விடாத கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்து சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். கேட்டவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். கதவு திறக்கவில்லை. சேர்ந்து வாசிக்கிறதாலேயே ஜனநாயகம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த மண்டபத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்.

சரி, நாம் வாசித்தால் இந்தப் பிரதியில் என்ன தெரியும்? சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியை விலாவாரியாக வர்ணிக்கிறார். சுரைக்கொடி படர்ந்த கூரை, கோழி, நாய்க்குட்டி, காயப்போட்ட தோல், மாமரக் கிளையில் தொங்குகிற பறை. புலவர்கள் இதை 'இயற்கை நவிற்சி' என்று மெச்சிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்கள். சேரியிலிருந்து வந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் திருப்ப முடியாது. ஏனென்றால் கொஞ்சம் தள்ளி ஒரு சொல் கிடக்கிறது: பறைத்துடவை. ஊர் விட்ட துடவை, பறைத்தொழிலுக்கான மானிய நிலம். அந்த உரிமையில்தான் நந்தன் சாப்பிடுகிறான். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறான். அதாவது சேக்கிழாரின் நந்தனுக்கு நிலம் இருந்தது. அவனை அதட்டுகிற ஆண்டை யாரும் அந்தப் புராணத்தில் இல்லை.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதுகிறார். இங்கே ஒரு வேதியர் வருகிறார். நந்தன் அவர்கிட்ட பண்ணையாள். 40 வேலி நிலத்து வேலையை முடிச்சுட்டுச் சிதம்பரம் போ என்கிறார். ராத்திரியோடு ராத்திரியாகச் சிவனுடைய பூதகணங்கள் வந்து முடித்துக் கொடுக்கின்றன. நமக்கெல்லாம் தெரிஞ்ச நந்தன் இவன்தான். கதாகாலட்சேபத்தில், 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த படத்தில், 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த படத்தில் வந்தவன் இவனே.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கும். சேக்கிழார் ஆண்டையை மறைத்தார். கோபாலகிருஷ்ண பாரதி நிலத்தை மறைத்தார். முதல் பிரதியில் தடுப்பவன் யாருமில்லை. தன் பிறப்பு இழிவு என்று நந்தனே நினைத்து நினைத்துத் தயங்குகிறான். சாதி அங்கே அவன் மனசுக்குள்ளிருக்கிற கூச்சமாகச் சுருங்குகிறது. இரண்டாவதில் ஆண்டை நேராக முன்னால் நிற்கிறார். கோபாலகிருஷ்ண பாரதிக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும். தஞ்சாவூர்ப் பண்ணையடிமை முறையைப் பாட்டில் கொண்டு வந்தவர் அவர். ஆனால் நந்தன் ஒண்ணுமில்லாத கூலி ஆளாகிவிட்டான். துடவை காணோம். இரண்டு பேரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு, அது நெருப்பு. இரண்டிலும் தீயில் இறங்கி, உடம்பை எரித்து, பூணூலோடு எழுந்த பிறகுதான் அவனுக்குத் தில்லை.

இந்த ஒரு சொல்லில் நாம் ஏன் இப்படி நிற்கிறோம்? பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் உட்கார்ந்து வாசிக்கிறோம், அதனால்தான். 1891இல் இந்த ஜில்லா கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் ஜனங்கள் நிலமில்லாமல் கிடக்கிற கதியை அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. அதன் வழியில் கொடுத்த பஞ்சமி நிலத்தை, டி.சி. நிலத்தை, மற்ற சாதியாருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. அப்படியும் அது கைமாறிப் போனது. அதை மீட்கக் காரணையில் நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இதைத் தெரிந்த ஒருவர் 'துடவை' என்று வாசிக்கும்போது அது அருஞ்சொற்பொருள் அகராதியோடு நிற்காது. நந்தனின் துடவை எங்கே போச்சு, எந்தக் கம்பெனிச் சுவருக்குக் கீழே எந்தப் பஞ்சமி சர்வே நம்பர் கிடக்குது என்று அது கேட்கும். இலக்கியத்துக்கு இது சம்பந்தமில்லை என்பவர்களுக்கு: அந்தச் சொல்லைப் போட்டவர் சேக்கிழார், நாமில்லை.

தூரதூரமாக இருந்துகொண்டு சேர்ந்து வாசிக்கிற வேலையும் நமக்குப் புதுசில்லை. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தத் தொடங்கினார். அடுத்த வருஷம் அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் சாகும் வரை வந்தது. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர்களும், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனவர்களும் அதன் வாசகர்கள். அவர்கள் கேள்வி எழுதி அனுப்புவார்கள், பண்டிதர் பதில் எழுதுவார். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் குறளும் வாராவாரம் இப்படித்தான் வாசிக்கப்பட்டன. சுரங்கத்துக்குள் இறங்கி ஏறின தொழிலாளி செவ்விலக்கிய விவாதத்தில் பங்காளி. நந்தனையும் பண்டிதர் விடவில்லை. அவனை வஞ்சகத்தால் கொல்லப்பட்ட பௌத்த அரசனாக எழுதினார்.

அவர் எழுதினதெல்லாம் சரித்திரமாக நிற்குமா என்பது தனி வழக்கு. எல்லாவற்றையும் பௌத்தமாக்குகிற அவர் முறையில் இட்டுக்கட்டல் உண்டு. நம்மிலேயே சில சாதியாரை 'இயல்பாகவே தாழ்ந்தவர்கள்' என்று அவர் ஒதுக்கியதைத் தலித் அரசியல் இன்றைக்கு ஏற்க முடியாது. அந்த விமர்சனத்தை நாமே வைக்கணும். ஆனாலும் அர்த்தம் சொல்கிற அதிகாரத்தை ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து பிடுங்கி, ஒரு பைசாவுக்குச் சுரங்கத் தொழிலாளி கையில் கொடுத்தவர் அவர். இவ்வளவு பெரிய வாசிப்பு ஏறக்குறைய 85 வருஷம் தமிழ் இலக்கிய வரலாற்றின் கண்ணில் படவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டு வந்த பிறகுதான் பரவலாகப் பேசினார்கள். நாம் வாசிக்காமல் இருந்ததில்லை. நாம் வாசித்ததைப் பதிவு பண்ணத்தான் ஆள் இல்லை.

இப்போ சுங்குவார்சத்திரத்துக்கு வருவோம். பல மாவட்டத்துப் பெண்களும் பையன்களும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி ஷிப்டு வேலை பார்க்கிற ஊர். உலகம் பூரா விற்கிற போனை இவர்கள் கைதான் பூட்டுகிறது. அதே போனில் மதுரைத் திட்டம் 1998லிருந்து ஏற்றி வைத்திருக்கிற பழந்தமிழ் நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. சுவடிக்கும் மடத்துக்கும் இனிமேல் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். காலை ஷிப்டுக்காரரும் ராத்திரி ஷிப்டுக்காரரும் ஒரே நேரத்தில் கூட முடியாது, வாஸ்தவம். பாட்டைப் படித்துக் குரலில் பேசிப் போட்டுவிட்டால், மற்றவர் முழிச்சிருக்கும்போது கேட்டுப் பதில் பேசலாம். தமிழன் பத்திரிகையின் தபாலும் அப்படித்தானே ஓடினது?

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. போன் கூட்டத்திலும் ஒரு புலவர் முளைத்துவிடுவார். பதவுரை அவர் சொல்வார், மற்றவர் கைகூப்பும் படம் போடுவார்கள். யாராவது பறைத்துடவையைப் பற்றிக் கேட்டால் 'சாதி பேச்சு இங்க வேணாம், இலக்கியம் மட்டும் பேசுவோம்' என்பார். முகம் தெரியாத இடத்தில் சாதி இருக்காது என்று நினைக்கிறவர்கள் உண்டு. பேச விடாமல் அமுக்கும்போது அது பளிச்சென்று தெரியும். அப்படிச் சொல்கிற இடம் எதுவானாலும் அது ஆயிரங்கால் மண்டபம்தான்.

அதனால் நாம் வாசிக்கிற முறையை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பொருள் சொல்லும் முறை ஆளாளுக்கு மாறி வரணும். அவரவர் ஊர்ப் பேச்சிலேயே பேசணும். 'தப்புத் தமிழ்' என்று யாரும் திருத்தக்கூடாது. கோபாலகிருஷ்ண பாரதிக்கே இலக்கணப் பிழை காட்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் தராமல் அலைய வைத்த கதையை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பிழை பார்க்கிறவர்கள் கையில் கீர்த்தனையே மாட்டிக்கொண்டது என்றால், ஷிப்டு முடிச்சு வந்து பேசுகிற பெண் கதி என்ன?

சங்கம் என்ற சொல்லையும் சேர்த்தே வாசிக்கணும். புலவர் கூட்டம் சங்கம். பண்டிதர் வைத்தது சாக்கைய பௌத்த சங்கம். 2024 செப்டம்பர் 9லிருந்து 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் இந்தச் சுங்குவார்சத்திரத்தில் வேலையை நிறுத்தி உட்கார்ந்து கேட்டதும் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம்தான். கூடி உட்கார உரிமை கேட்டவர்களுக்கு, கூடி வாசிக்கிற உரிமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

முதல் வாசிப்புக்குத் திருநாளைப்போவார் புராணத்தை எடுங்கள். துடவை வருகிற பாட்டில் நிறுத்துங்கள். உங்க தாத்தா பாட்டிக்கு என்ன நிலம் இருந்துச்சு, அது எப்படிப் போச்சு என்று ஒவ்வொருத்தரும் சொல்லட்டும். யாராவது ஒருத்தர் அதை எழுதி வையுங்கள். நெருப்பு வருகிற பாட்டை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.